ஸ்லோ சைக்கிள்

தன் புருஷன் பெயரை ஸ்லோ சைக்கிள் ரேஸுக்குக் கொடுத்துவிட்டு வந்த விஷயத்தைப் பக்குவமாகச் சொல்ல ஞானசெல்வி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு வந்த அபுபக்கர் ஊருக்கே சொல்லிவிட்டார். பேரூராட்சியும் இளைஞர் மன்றமும் சேர்ந்து நடத்தும் பொங்கல் விளையாட்டு விழா என்று தொடங்கி, கோலப்போட்டி, உறியடி, பெண்களுக்கான மியூசிக்கல் சேர் எல்லாம் முடித்து, "ஸ்லோ சைக்கிள் பந்தயத்தில் நம்ம காயில் கடை மரியராஜ் அவர்களும் களம் இறங்குகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஒரு இழுப்பு இழுத்தார். வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மரியராஜின் கை அப்படியே நின்றது.

"எந்த மரியராஜைச் சொல்றாரு?"

"காயில் கடை வச்சிருக்க மரியராஜ் ஊருக்குள்ள இன்னும் எத்தன பேரு இருக்காக?" என்றாள் அடுப்படியிலிருந்து, தலையை வெளியே நீட்டாமல்.

அவன் எண்ணெய்ப் புட்டியை நிமிர்த்தினான். பிறகு, "சைக்கிள விட்டு எறங்க வேண்டாம்ல?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள். அப்படியானால் சரி என்கிற மாதிரி மறுபடியும் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தான். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி உறுத்தியது.

மரியராஜுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடந்தால் இடது கையைத் தொடையில் ஊன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவன் நடந்து பார்த்ததே கிடையாது. சைக்கிள்தான் அவனுக்குக் கால். வீட்டு வாசலில் ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தான், அதில் ஏறி சீட்டில் உட்கார்ந்தால் கடைக்குள் போய்த்தான் இறங்குவான். கடை வாசலுக்குச் சரிவாக சிமெண்டு பூசி, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மேஜை வரைக்கும் சைக்கிளிலேயே போய்விடுகிற ஏற்பாடு. டீ குடித்தாலும் சீட்டில் இருந்தபடிதான், வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு முதல் மணிக்கே போய்ப் பக்கவாசல் ஓரமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான், எல்லோரும் கலைந்த பிறகுதான் எழுந்திருப்பான். பூசையில் தருகிற நன்மை அப்பம் வாங்கக்கூட முன்னால் போவதில்லை. சாமியார்தான் கடைசியாக அவனிடம் வருவார்.

கல்யாணமான புதிதில் ஞானசெல்வி அந்த சைக்கிளின் கேரியரில் ஒருமுறை உட்கார்ந்து போயிருக்கிறாள். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது ஒற்றைக் கால் மிதி போதாமல் வண்டி சாய்ந்து, இரண்டு பேரும் டீக்கடைக்கு எதிரிலேயே விழுந்தார்கள். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். அவனால் எழ முடியவில்லை. தூக்கிவிட நாலு பேர் ஓடி வந்தார்கள், அதுதான் அவனுக்குப் பெரிய அடி. அன்றிலிருந்து கேரியரில் உட்கார்ந்தால் தனக்குத் தலை சுற்றுகிறது என்று அவள் ஒரு பொய்யைச் சொல்லி, அதையே பிடித்துக்கொண்டாள். அவனும் நம்பின மாதிரியே இருந்துகொண்டான். அதனால் தினமும் காலையில் அவள் வாய்க்கால் ரோட்டில் பால்வாடிக்கு நடந்து போவாள், அவன் பக்கத்திலேயே சைக்கிளில் வருவான். அவள் ஆயா வேலை பார்த்த பால்வாடி அவன் கடைக்கு நாலு கட்டடம் தள்ளி. அவள் நடைக்கு சைக்கிளை ஓட்டுவதென்றால் சும்மா இல்லை. பெடலை முழுச் சுற்று விடாமல் அரைச் சுற்றில் நிறுத்தி, பின்னுக்கு உருட்டி, ஹேண்டிலை லேசாக ஆட்டிக்கொண்டே வர வேண்டும். அவள் பேசுவதற்கு நின்றால் அவனும் நிற்பான், கால் ஊன்றாமலே. ரோட்டைப் பார்க்க மாட்டான். அவள் சேலையின் கீழ் ஓரம் ஆடுகிற ஆட்டத்தை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டே ஓட்டுவான். வருஷக்கணக்கில் இப்படித்தான். ஊரார் பார்த்துப் பார்த்துச் சலித்து, கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள்.

இது ஒரு வித்தை என்று ஞானசெல்விக்கு உறைத்ததே போன வருஷப் பொங்கலில்தான். பால்வாடிப் பிள்ளைகளின் மாறுவேஷப் போட்டிக்காகத் திடலுக்குப் போனவள், கால் ஊன்றாமல் கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவர் ஜெயிக்கிற ஸ்லோ சைக்கிள் ரேஸில் ஆம்பிளைகள் நாலடி போவதற்குள் காலை ஊன்றி ஊன்றி வெளியேறுவதைப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் இந்த வருஷம் அவள் பெயர் கொடுத்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. பேரூராட்சி ஆபீஸுக்குச் சத்துமாவு மூட்டை விஷயமாகப் போனபோது ஒன்று காதில் விழுந்தது. இந்தத் தடவை பரிசுப் பாத்திரங்கள் எல்லாம் வாழைத்தார் கமிஷன் கடை ராயப்பன் செலவு, மேடையில் நின்று கொடுப்பதும் அவர்தான். ராயப்பன் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

மரியராஜ் அவள் வீட்டுத் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்ட வந்தவன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஞானசெல்வி சொன்னபோது ராயப்பன் குதிக்கவில்லை, அடிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கூட்டமாக வெளியே வந்த நேரம், கோயில் வாசல் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் காத்திருந்தவனைக் கை காட்டி, எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னான்: "அவனை அங்கனயிருந்து இந்தப் படி வரைக்கும் நடந்து வரச் சொல்லு. ஊரு பாக்கட்டும். வந்துட்டான்னா நானே கையப் புடிச்சுக் குடுக்குறேன்." கூட்டம் திரும்பி கேட்டைப் பார்த்தது. மரியராஜ் இறங்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பிறகு ஒரு வார நாள் காலைப் பூசையில், இரண்டு சாட்சிகளை வைத்துக் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

பேச்சு இல்லையே தவிர, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராயப்பன் கடையின் சுமைக்காரர் ஒரு நாட்டுவாழைத் தாரைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். யார் கொடுத்தது என்று அவர் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. தார் பழுக்கும், பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேரும் தின்று மாளாமல் பால்வாடிக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொரு பழத்தை உரிக்கும்போதும் அவளுக்குக் கோபமாக வரும். கொக்கியில் மாட்டத் தெரிகிறது, கையில் கொடுக்கத் தெரியவில்லையே என்று. அண்ணன் கையிலிருந்து ஒரு பொருள், ஊர் பார்க்க, தன் புருஷன் கைக்கு வர வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பேரூராட்சி ஆபீஸிலேயே அவள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டாள். கலையரங்க மேடை இடுப்பு உயரம்தான். சைக்கிளை மேடை ஓரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இவன் இறங்கவே வேண்டாம், அண்ணன் குனிந்து கொடுக்கட்டும். அண்ணன் குனிகிற அந்தக் காட்சியை நினைத்து நினைத்து அவள் ஒரு வாரமாகத் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

காணும் பொங்கலன்று திடலுக்குள் நுழைந்ததுமே அந்தக் கணக்கு தப்பிவிட்டது. மேடைக்கு முன்னால் பெண்களும் பிள்ளைகளும் உட்கார ஜமுக்காளம் விரித்து, சுற்றிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மேடைக்குப் போக ஒரு ஆள் போகிற சந்து ஒன்றுதான் விட்டிருந்தது. சைக்கிள் போகாது. பந்தயக் கோடு முடிகிற இடத்திலிருந்து கபடி ஆடுகளத்தைத் தாண்டி, அந்தச் சந்து வழியாக, படி ஏறி, அத்தனையும் நடந்துதான் போக வேண்டும். ஞானசெல்வி அவனைத் தேடினாள். தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்த மரியராஜைப் பார்த்தாள். அவன் கோலங்களைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். திடலுக்கு அவன் இவ்வளவு நேரம் வந்து இருந்ததே இல்லை.

முதல் சுற்றை அவன் ஊதித் தள்ளிவிட்டான். கூட ஓட்டினவர்கள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றி வெளியேற, இவன் வாய்க்கால் ரோட்டில் வருகிற மாதிரியே நிதானமாக வந்துகொண்டே இருந்தான். அபுபக்கருக்கு மைக்கில் வார்த்தை தீர்ந்துபோனது. வருஷா வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளுக்கு அறிவிப்புச் செய்து பழகிய குரல் அவருடையது. சந்தோஷமான செய்தி சொன்னாலும் யாரோ தொலைந்த மாதிரியே இருக்கும். "காயில் கடை மரியராஜ் அவர்கள் இன்னும் பாதித் தூரத்தைக்கூடத் தாண்டவில்லை" என்று அவர் அழுகிற குரலில் சொல்ல, கூட்டம் கை தட்டியது. மரியராஜ் முகம் சிவந்துபோய்ச் சிரித்தான். தன் புருஷனுக்கு ஊர் கை தட்டி ஞானசெல்வி அதுவரைக்கும் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதிச் சுற்று. வெயில் இருந்தாலும் மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் அதன் சூடு தெரியவில்லை. நாலு பேர் வரிசையாக நின்றார்கள். விசில் ஊதுவதற்கு முன்னால் அபுபக்கர் மைக்கைத் தட்டினார். "வெற்றி பெறுவோருக்குப் பரிசுப் பொருட்களை மேடையில் வழங்கி வாழ்த்த, வாழை வியாபாரி திரு. ராயப்பன் அவர்கள் இதோ வந்து அமர்ந்திருக்கிறார்கள்." வெள்ளைச் சட்டையில் அண்ணன் மேடையில் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். மரியராஜ் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினான். கோட்டுக்கு வெளியே, ஓட்டம் தொடங்குகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் பார்வையைத் தாங்கமாட்டாமல் குனிந்துகொண்டாள். விசில் ஊதியாயிற்று.

ஆரம்பத்திலேயே ஒருவர் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறினார். இன்னொருவர் காலை ஊன்றினார். மீதி மரியராஜும் மார்க்கையன்கோட்டைப் பால்காரர் சுருளிவேலும்தான். கேரியரில் இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிக்கொண்டு வரப்பில் ஓட்டுகிறவர் சுருளிவேல், அவரும் லேசில் விழுகிற ஆள் இல்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நகராமல் நகர்ந்தார்கள். பாதித் தூரம் தாண்டியபோது சுருளிவேலின் முன்சக்கரம் ஒரு சாண் முன்னால் இருந்தது. இப்படியே போனால் மரியராஜ்தான்.

மேடையில் ராயப்பன் எழுந்திருந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மேஜையில் இருந்த எவர்சில்வர் குடத்தைத் தூக்கிப் பார்த்து, துண்டால் ஒரு தடவை துடைத்தான். ஞானசெல்வி அதைப் பார்த்தாள். அந்தச் சந்து வழியையும் பார்த்தாள், படியையும் பார்த்தாள். அவளால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. முடிகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றுவிட வேண்டும், அவன் வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆசையில் நடந்தாளா, பயத்தில் நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோட்டோரமாக, பால்வாடிக்கு நேரமாகிவிட்ட நாளில் நடப்பதைப் போல விறுவிறுவென்று நடந்தாள். மரியராஜைத் தாண்டிப் போனாள்.

முடிகிற கோட்டை நெருங்கியபோதுதான் பக்கத்தில் அந்தப் பழகின சத்தம் காதில் விழுந்தது. செயின் உறையில் பெடல் உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். மரியராஜ் அவளுக்குச் சரியாக, தினமும் வருகிற அதே இடைவெளியில், பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். கண் அவள் சேலை ஓரத்தில் இருந்தது. "ஐயோ" என்று அவள் நின்றபோது அவனும் பிரேக்கைப் பிடித்தான். ஆனால் முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு திடலே சிரித்தது. "ஏலே, காயில் கடைக்காரரு நெசமாவே ரேஸு ஓட்டிட்டாருடா!" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் சுருளிவேல் இன்னும் ஒன்றும் தெரியாமல் ஹேண்டிலை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஞானசெல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் ஆசையை அவளே காலால் தட்டிவிட்டிருந்தாள்.

"நாந்தேன் கெடுத்துட்டேன்" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

"நீ கெளம்பிட்ட" என்றான் அவன். "நானும் வந்துட்டேன். அதுக்கு என்ன செய்ய?" சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது காலை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அவளுக்கும் பாதி அழுகை, பாதி சிரிப்பு. சரி, போகட்டும், மேடைக்குப் போகிற வேலை மிச்சம் என்று மனசின் ஒரு ஓரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நிம்மதி வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. மைக் கரகரத்தது. "ஸ்லோ சைக்கிள் பந்தயம், முதல் பரிசு மார்க்கையன்கோட்டை சுருளிவேல் அவர்கள். இரண்டாம் பரிசு, நம்ம காயில் கடை மரியராஜ் அவர்கள். இருவரும் உடனே மேடைக்கு வரவும்."

இரண்டாம் பரிசு என்று ஒன்று இருப்பதை அவள் யோசித்தே பார்க்கவில்லை. சுருளிவேல் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடினார். குடத்தை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு அதே ஓட்டத்தில் திரும்பி வந்தார். மரியராஜ் சீட்டில் உட்கார்ந்தபடியே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போயி வாங்கிட்டு வாறேன். நீங்க இங்கனயே இருங்க" என்றாள் ஞானசெல்வி.

"ஒங்க அண்ணன்தேன் குடுக்குறாகன்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சுதேன் பேரு குடுத்தியா?"

"ஆமா. சைக்கிள்லயே அங்கன வரைக்கும் போயிரலாம்னு நெனச்சேன். கயிறு கட்டுவாகன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான் என்றும் பயந்தாள். அன்றைக்குக் கோயில் வாசலில் அவன் திரும்பிப் போன முதுகு இன்னும் அவள் கண்ணில் இருந்தது. அவன் சைக்கிளைத் திருப்பவில்லை. மைக்கில் அபுபக்கர் இரண்டாம் தடவை அவன் பெயரைக் கூப்பிட்டார். கூட்டம் இவன் பக்கம் திரும்பியது. மேடையில் ராயப்பன் இரண்டாம் பரிசு டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்வது என்று தெரியாத முகம். அந்த முகத்தை அவள் இத்தனை வருஷமாக நேராகப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு நரைத்துவிட்டிருந்தது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் புடிங்க" என்று மரியராஜ் சுருளிவேலிடம் ஹேண்டிலைக் கொடுத்தான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுருளிவேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். மரியராஜ் வலது காலில் பாரத்தைப் போட்டு, உடம்பைச் சாய்த்து, இடது காலைக் கையால் தூக்கிக் கம்பியைத் தாண்டி வெளியே எடுத்தான். அதற்கே நேரம் பிடித்தது. எதிரில் நின்றவர்கள் அவனை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அவன் குட்டையாக இருந்தான். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது தெரிவதில்லை.

"வேண்டாங்க" என்றாள் ஞானசெல்வி. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போவம்."

"பேரு குடுத்தது நீயி. ஓட்டுனது நானு. கூப்புடுறாகல்ல?" இடது கையைத் தொடையில் ஊன்றினான். முகம் வெளுத்திருந்தது, உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது. ஆனாலும் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "கூட வா. மறுபடியும் முன்னால ஓடிராத."

நடந்தார்கள். வலது கால் பதிந்தது. உடம்பு ஒரு பக்கம் ஒடிந்து சாய்ந்தது. இடது கால் இழுபட்டு வந்து பக்கத்தில் சேர்ந்தது. அப்புறம் மறுபடியும் வலது கால். ஞானசெல்வி அவன் நடைக்கு நடக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு எட்டு வைத்துவிட்டு நின்றாள், அவன் வந்து சேர்ந்ததும் அடுத்த எட்டு. தன் பக்கத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வர அவன் எவ்வளவு பொறுமையாக இருந்திருப்பான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை. அவன் வேட்டிக் கரை ஆடுவதை மட்டும் ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டாள்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டு அபுபக்கர் நின்றிருந்தார், ஸ்பீக்கர் பெட்டியில் வெறும் காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சந்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். மேடையில் ராயப்பன் முன்னால் வந்து படிக்கு மேலே நின்றான். டிபன் கேரியரை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். ஒரு காலை முதல் படியில் இறக்கி வைத்தவன் அதற்கு மேல் இறங்கவும் இல்லை, திரும்ப ஏறவும் இல்லை.

அவன் மரியராஜின் காலைப் பார்க்கவில்லை, தங்கச்சி முகத்தையும் பார்க்கவில்லை. பந்தயக் கோட்டைத் தாண்டும்போது மரியராஜின் இடது செருப்பில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. இழுபடுகிற காலோடு அந்த வெள்ளையும் கபடி ஆடுகளத்துச் செம்மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. விட்டு விட்டு, வளைந்து, சந்துக்குள் நுழைந்து, படியை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்த அந்தக் கோட்டையே ராயப்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.